படகுத் தளத்துக்கு வழுக்காத பெயின்ற்: எதைத் தெரிவது, எப்படிப் பூசுவது

ஃபைபர் படகின் தளம் காய்ந்து கிடக்கும்போது யாரையும் விழுத்துவதில்லை. அதன்மேல் கடல் தண்ணீரோ, மீன் வழும்போ, என்ஜினிலிருந்து சிந்திய மண்ணெண்ணெயோ மெல்லிய படலமாகப் படிந்தால் போதும், பாதம் தளத்தைத் தொடுவதே இல்லை. படலத்தின் மேல்தான் நிற்கிறது. வலை இழுக்கிறவர் முழுப் பாரத்தையும் ஒரு காலில் போட்டுக் கொண்டு சாய்ந்து நிற்பார். அந்த நேரத்தில் கால் போனால் முழங்காலோ விலா எலும்போ அடிபடும், ஆள் கடலுக்குள்ளேயும் போகலாம்.

வழுக்காத பெயின்ற் செய்வது ஒரே ஒரு வேலை. பெயின்றுக்குள் இருக்கும் மணல்போன்ற குறுணி, அந்தப் படலத்தைத் துளைத்துக் கொண்டு மேலே தலை நீட்டுகிறது. பாதம் குறுணியின் தலையில் பிடிக்கிறது. தண்ணீர் குறுணிகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தால் வடிகிறது. ஆகவே பிடிமானத்தைத் தருவது குறுணிதான். பெயின்ற் அந்தக் குறுணியைத் தளத்தோடு சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும் பசை. கடையில் பேணியின் விலையையும் நிறத்தையும் பார்த்துத் தெரிவுசெய்கிறவர்கள் பலர். முதலில் பார்க்க வேண்டியது எந்தக் காலுக்கு, எந்த வேலைக்கு என்பதை.

குறுணியைத் தெரிதல்

திருகோணமலையில் வலைப் படகில் நிற்கிறவர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு நிற்கிறார்கள். சப்பாத்துக்கென்று செய்த கரடுமுரடான தளம் அவர்களுக்கு ஆகாது. நாள் முழுவதும் நின்றால் பாதம் தேயும், முழங்கால் ஊன்றினால் தோல் உரியும். அதைவிடப் பெரிய தொல்லை வலை. கூரான பெரிய குறுணியின் மேல் நைலோன் வலையை இழுத்தால் நூல் சிராய்த்துப் பிய்ந்து போகும். மீன் இரத்தமும் செதிலும் ஆழமான பள்ளங்களில் தங்கி நாற்றமெடுக்கும். பிறகு அந்தக் கொழுப்பே தளத்தை வழுக்க வைக்கும். வெறுங்காலுக்கும் வலைக்கும் கால் மில்லிமீற்றரிலிருந்து அரை மில்லிமீற்றர் வரையான குறுணி போதும். விரலால் தடவும்போது அரத்தாள்போல உரச வேண்டும், ஆனால் குத்தக்கூடாது.

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் இருந்து புறாமலைத் தீவுக்கு ஆட்களை ஏற்றும் படகுகளுக்கு இன்னும் மென்மையான தளம் வேண்டும். நீந்திவிட்டு ஏறுகிறவர்கள் ஈர உடம்போடு முழங்காலிலும் தொடையிலும் உரசிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். அங்கே கூர்மையில்லாத பிளாஸ்டிக் மணிக்குறுணி பொருத்தம். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் நெடுநாள் படகுகளில் இறப்பர் பூட்ஸ் போட்டு வேலை செய்யும் இடங்களில், ஐஸ் பெட்டியும் மீன் கூடையும் இழுபடும் இடங்களில், கடினமான பெரிய குறுணி வைக்கலாம். அலுமினியம் ஒக்சைட் அப்படிப்பட்டது; எளிதில் தேயாது. ஆனால் வெறுங்காலை அறுக்கும்.

கழுவிக் காயவைத்துத் தரம் பிரித்த சிலிக்கா மணல் மலிவானது, நன்றாகப் பிடிக்கும். அதன் குறை பாரம். பெயின்றில் கலந்தால் அடியில் போய்த் தங்கும். பிளாஸ்டிக் குறுணி இலேசானது, பெயின்றில் மணலைப்போலச் சட்டென்று தாழாது, காலுக்கு இதமானது, வேகமாகத் தேயும். தேய்ந்தால் மேற்பூச்சைப் புதுப்பிக்கலாம் என்பதால் சிறு படகுக்கு இது பெரிய குறையல்ல.

மணலுக்குக் கடற்கரை பக்கத்தில்தானே இருக்கிறது என்று நினைப்பது இயல்பு. கடற்கரை மணலை எடுக்காதீர்கள். அதில் உப்பு இருக்கிறது. உப்பு ஈரத்தை இழுக்கும். பெயின்றுக்கு அடியில் சிறு கொப்புளங்கள் கிளம்பும். சிப்பித் தூளும் கலந்திருக்கும், அது மென்மையானது, நசிந்து பொடியாகிவிடும். புல்மோட்டைக் கறுப்பு மணலும் சரிவராது. அதிலுள்ள இல்மனைற் என்ற கனிமம் சாதாரண மணலைவிட ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு பாரம். பேணியின் அடியைவிட்டு எழும்பாது. நிறமும் கறுப்பு என்பதால் வெயிலில் தளம் கொதிக்கும். மகாவலி கொட்டியாரக்குடாவில் விழும் பக்கத்து ஆற்று மணல் பரவாயில்லை. தண்ணீர் தெளிவாக வரும்வரை பலமுறை கழுவி, வெயிலில் முழுதாகக் காயவைத்து, மா அரிக்கும் அரிதட்டால் அரித்தால் பயன்படுத்தலாம். கழுவாவிட்டால் களிமண் தூள் பெயின்றுக்கும் மணலுக்கும் இடையில் நின்று ஒட்டவிடாது. மணல் அரிக்கும்போது முகமூடி போடுங்கள். அந்த நுண்தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது.

பிடித்து வைக்கும் பெயின்ற்

சாதாரண எனாமல், அதாவது அல்கைட் வகை, ஒரே பேணியில் வரும். மலிவு, பூசுவது சுலபம், மரத்தோடு சேர்ந்து சற்று வளைந்து கொடுக்கும். வீட்டுக் கதவுக்கென்று விற்பதை வாங்காமல், கடல் பாவனைக்கென்று போட்டிருப்பதையே கேளுங்கள். இதன் எதிரி எரிபொருள். நம் பக்கத்து அவுட்போர்ட் என்ஜின்கள் பல மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. கடையாலில், அதாவது படகின் பின்பக்கத்தில், டாங்கியைச் சுற்றிச் சிந்தும் மண்ணெண்ணெயும் ஒயிலும் அல்கைட் பூச்சை இளக வைத்து, குறுணியைத் தளரவிடும்.

இரண்டு பேணியில் வரும் பொலியூரிதேன், பெயின்றும் அதை இறுக வைக்கும் ஹாட்னரும் கலந்து பூசுவது, எரிபொருளையும் வெயிலையும் உராய்வையும் நன்றாகத் தாங்கும். விலை அதிகம், அளவு தவறக்கூடாது, ஆவி நஞ்சு. தனியே எப்பொக்சி பூசி விடுவதும் சிலர் வழக்கம். எப்பொக்சி நன்றாக ஒட்டும், ஆனால் வெயில் பட்டால் சுண்ணாம்புபோல் பொடி கிளம்பும். அதை அடிப்பூச்சாக வைத்து மேலே பொலியூரிதேன் போடுவதே முறை. ஃபைபர் திருத்துகிறவர்கள் சிலர், ஃபைபரின் மேல்தோலாகப் பூசும் ஜெல்கோட்டிலேயே மணலைக் கலந்து பூசித் தருவார்கள். புதிய ஃபைபர் தளத்துக்கு அது உறுதியான வழி. எப்பொக்சி பூசிய தளத்தின் மேல் மட்டும் பொலியெஸ்ரர் ஜெல்கோட் போடக்கூடாது, சரியாக ஒட்டாது. கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் சேர்க்காவிட்டால் மேற்பரப்பு பிசுபிசுத்தே கிடக்கும்.

ஒட்டும் ஃபோம் விரிப்புகளும் வருகின்றன. ஆட்களை ஏற்றும் படகுக்கு நல்லவை. தூண்டில் முள்ளும் நங்கூரமும் இழுபடும் தளத்தில் கிழிந்துவிடும்.

பழைய பெயின்றின் மேல் பூசுவதானால் அது என்ன வகை என்று அறியாமல் வாங்காதீர்கள். தின்னரில் நனைத்த துணியை மறைவான ஓர் இடத்தில் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். பெயின்ற் சுருங்கினாலோ துணியில் வழிந்து வந்தாலோ அது ஒற்றைப் பேணி வகை. அதன்மேல் இரண்டு பேணிப் பொலியூரிதேனைப் பூசினால், புதியதின் தின்னர் பழையதைக் கிளப்பிச் சுருக்கிவிடும். ஒன்றில் அல்கைட்டோடு தொடருங்கள், அல்லது பழையதை முழுதாகச் சுரண்டி எடுங்கள்.

நிறத்தில் வெளிர் சாம்பலும் வெளிர் மஞ்சளும் நல்லவை. கடும் நீலமும் பச்சையும் மத்தியான வெயிலில் வெறுங்காலைச் சுடும். தூய வெள்ளை கண்ணைக் கூசும்.

எவ்வளவு வாங்குவது

தளம் முழுவதற்கும் குறுணி போட வேண்டியதில்லை. கால் படும் இடம், முழங்கால் ஊன்றும் இடம், ஏறி இறங்கும் விளிம்பு, இவை போதும். ஓரங்களிலும், கயிறு கட்டும் கட்டைகளைச் சுற்றியும், மூடிகளைச் சுற்றியும் இரண்டு விரல் அகலத்துக்குக் குறுணியில்லாமல் விடுங்கள். தண்ணீர் வடிந்து போக அது வாய்க்கால், கழுவவும் வசதி. நங்கூரக் கயிறு உரசிப் போகும் பாதையிலும் குறுணி வேண்டாம், கயிறு அரிபட்டுப் போகும்.

20 அடிப் படகு ஒன்றைக் கணக்குக்கு எடுப்போம். அணியத்தின், அதாவது முன்பக்கத்தின், முக்கோணத் தளம் ஏறக்குறைய 1 சதுர மீற்றர். நடுத்தளம் 3.5 மீற்றர் நீளம், 1.1 மீற்றர் அகலம் என்றால் 3.9. கடையால் பக்கம் 1. மொத்தம் 6 சதுர மீற்றர். வெறும் பெயின்ற் லீற்றருக்கு 9 அல்லது 10 சதுர மீற்றர் ஓடும். குறுணி கலந்தால் 6 சதுர மீற்றர்தான் ஓடும். குறுணிப் பூச்சுக்கு 1 லீற்றர், அதன்மேல் குறுணியைப் பூட்டிப் பிடிக்கும் பூட்டுப் பூச்சு ஒன்றுக்கு முக்கால் லீற்றர்: 2 லீற்றர் வாங்கினால் திருத்தத்துக்கும் மிஞ்சும். மணலைத் தூவும் முறையானால் பூட்டுப் பூச்சு இரண்டு என்பதால் இன்னொரு முக்கால் லீற்றர் சேருங்கள். பிரைமர், அதாவது அடிப்பூச்சு, 1 லீற்றர். பெயின்றில் கலக்கும் முறையானால் சிலிக்கா மணல் லீற்றருக்கு 150 முதல் 200 கிராமில் தொடங்குங்கள். பிளாஸ்டிக் குறுணியை நிறையால் மணலோடு ஒப்பிட முடியாது. அதன் பொதியில் உள்ள அளவையே பின்பற்றுங்கள். எதுவானாலும் முதலில் ஒரு பலகைத் துண்டில் பூசிக் காயவைத்து, தண்ணீரும் சவர்க்காரமும் ஊற்றி வெறுங்காலால் மிதித்துப் பாருங்கள். அதில் தெரிகிற குறையைத் தளத்தில் பூசும் முன்னமே திருத்திக் கொள்ளலாம்.

எந்த மாதம், எந்த நேரம்

ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடை மழை. படகு கரையில் கிடக்கும் காலம்தான், ஆனால் ஈரப்பதன் பெயின்றுக்கு எதிரி. மழை விட்டு, படகு நன்றாக உலர்ந்த பிறகு, தொழில் சூடுபிடிக்கும் முன், பெப்ரவரிக் கடைசியும் மார்ச்சும் நல்ல காலம். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காற்று உலர்வாக இருந்தாலும் தூசியையும் மணலையும் அள்ளிக் கொண்டு வந்து ஈரப் பெயின்றில் ஒட்டும். அப்போது பூசுவதானால் தறப்பாள் மறைப்புத் தேவை.

அதிகாலையில் தளத்தில் பனி இருக்கும். கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும். ஈரத் துணியால் ஒரு சாண் இடத்தைத் துடைத்து விடுங்கள். கால் மணித்தியாலத்துக்குள் காய்ந்தால் தொடங்கலாம். நேர் வெயிலில் கை வைக்க முடியாமல் கொதிக்கும் தளத்தில் பூசினால் மேல்தோல் சட்டென்று இறுகிவிடும், உள்ளே அடைபட்ட தின்னர் குமிழியாகக் கிளம்பும். நிழல் கட்டி, காலை எட்டரை ஒன்பதுக்குத் தொடங்குங்கள். பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு புதிய பூச்சு வேண்டாம், இரவுப் பனிக்கு முன் அது இறுகியிருக்க வேண்டும்.

தளத்தைத் தயார்படுத்தல்

நேரம் அதிகம் எடுக்கிற வேலை இதுதான். பூச்சு பட்டை பட்டையாகக் கழன்று வரும் தளங்களில் பெரும்பாலும் குற்றம் இங்கேதான் இருக்கும்.

முதலில் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவுங்கள். பிறகு சவர்க்காரத் தூளும் கரடான பிரஷும் கொண்டு மீன் கொழுப்பு போகும்வரை தேய்த்து, மறுபடி நல்ல தண்ணீர். காய்ந்ததும் தின்னர் துணியால் துடையுங்கள்: ஒரு கையில் நனைத்த துணி, பின்னாலேயே மறு கையில் உலர்ந்த துணி. ஒரே துணியால் துடைத்தால் கொழுப்பு இடம் மாறுமே தவிரப் போகாது. புதிய ஃபைபர் தளத்தில் அச்சிலிருந்து கழற்றப் பூசிய மெழுகு இருக்கும், அதற்கும் இதே வேலை. சுத்தமானதா என்று அறியத் தண்ணீர் தெளியுங்கள். தண்ணீர் சீராகப் பரவினால் சரி, முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெயோ மெழுகோ இன்னும் இருக்கிறது.

இவ்வளவும் முடித்த பிறகுதான் அரத்தாளைத் தொட வேண்டும். கழுவாமல் தேய்த்தால், தேய்ப்பில் விழும் கீறல்களுக்குள் கொழுப்பை நாமே அழுத்தி வைக்கிறோம். ஜெல்கோட் பளபளப்புப் போக 80 அல்லது 120 இலக்கத் தாள். பழைய குறுணித் தளமானால் தாள் உச்சிகளை மட்டுமே தொடும், பள்ளம் அப்படியே கிடக்கும். கம்பிப் பிரஷால் தேய்க்க வேண்டும், அல்லது கிரைண்டரில் முழுவதையும் எடுத்துவிட வேண்டும். பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம், மணல் தூளும் பறக்கும். முகமூடி போடுங்கள், கையால் தேய்ப்பதானால் இயன்றவரை நனைத்துத் தேயுங்கள்.

தளத்தைச் சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்கும் இடம் நல்லது. மந்தமாகக் கேட்டாலோ மிதிக்கும்போது அமுங்கினாலோ உள்ளே பலகை ஊறியிருக்கிறது. அதைத் திறந்து திருத்தாமல் மேலே பெயின்ற் போடுவது வீண் செலவு. மரத் தளத்தில் ஈரம் அறிய, ஒரு முழச் சதுரத்துக்குத் தெளிவான பொலித்தீனை நான்கு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்புறம் வியர்த்தால் இன்னும் காய வேண்டும். வெடிப்புகளை எப்பொக்சிப் புட்டியால் அடையுங்கள். சிலிக்கோன் பசையை மட்டும் தளத்தில் எங்கும் பாவிக்காதீர்கள். அது பட்ட இடத்தில் பெயின்ற் மீன்கண் போலக் குழிந்து விலகும், துடைத்தாலும் எளிதில் போகாது.

பூசுதல்

வழுவழுப்பாக விட வேண்டிய இடங்களை மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். மூலைகளை ஒரு காசை வைத்து வட்டமாக வெட்டிவிட்டால் பிறகு உரியாது. பிரைமர் ஒரு பூச்சு, பேணியில் போட்ட இடைவெளிக்குள் அடுத்த பூச்சு. அந்த நேரம் கடந்துவிட்டால் 180 இலக்கத் தாளால் இலேசாகத் தேய்த்த பின்பே அடுத்தது. ஒட்டாமைக்கு இதுவும் வழமையான காரணம்.

இரண்டு பேணி வகையை முழுவதும் ஒரே தரத்தில் கலக்காதீர்கள். நம் வெப்பத்தில் கலவை பாத்திரத்திலேயே இறுகத் தொடங்கும். அரை லீற்றர் அளவில், அளவு கோடு போட்ட கோப்பையால் அளந்து கலந்து, தீர்ந்ததும் அடுத்ததைக் கலவுங்கள். பெயின்றையும் ஹாட்னரையும் முதலில் நன்றாகக் கலந்த பிறகே குறுணி.

கலந்து பூசும் முறை பிளாஸ்டிக் குறுணிக்கு ஏற்றது. குட்டை மயிர் றோலர், 4 அங்குல அகலம். ஃபோம் றோலர் வேண்டாம். தின்னரில் கரையும், குறுணியையும் உறிஞ்சி வைத்துக் கொள்ளும். தட்டில் ஊற்றும் ஒவ்வொரு தடவையும் அடிவரை கிளறுங்கள். கிளறாவிட்டால் அணியம் வழுவழுப்பாகவும் கடையால் முள்ளாகவும் வரும், ஏனென்றால் கடைசிப் பெயின்றில்தான் குறுணி முழுவதும் தங்கியிருக்கும். தின்னர் 5 வீதத்துக்கு மேல் வேண்டாம். பெயின்ற் நீர்த்தால் குறுணி தாழும். எல்லாத் திசையிலும் உருட்டி, கடைசி உருட்டு மட்டும் ஒரே திசையில்.

தூவும் முறை சிலிக்கா மணலுக்கு உரியது, எங்கள் கணிப்பில் உழைக்கும் படகுக்கு இதுவே நீடிக்கும். பால்மாப் பேணி மூடியில் ஆணியால் துளைகள் இட்டு மணலை நிரப்புங்கள். ஒரு சதுர மீற்றருக்குப் பெயின்றைத் தாராளமாக உருட்டிவிட்டு, உடனேயே, இரண்டு அடி உயரத்திலிருந்து தூவுங்கள். கிட்டப் பிடித்தால் திட்டுத் திட்டாக விழும். ஈரப் பெயின்ற் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மூடும்வரை தூவ வேண்டும். வேண்டிய அளவை மட்டும் பெயின்ற் பிடித்துக் கொள்ளும். அடுத்த பகுதியோடு சேரும் ஓரத்தில் நாலு விரல் அகலம் தூவாமல் விட்டு, அங்கிருந்து தொடருங்கள். மறுநாள் மென்மையான தும்புத்தடியால் ஒட்டாத மணலைக் கூட்டி அள்ளுங்கள். மிஞ்சியதை அரித்து மீண்டும் பாவிக்கலாம்.

எந்த முறையானாலும் குறுணியில்லாத பெயின்றால் ஒரு பூட்டுப் பூச்சு அவசியம். தூவிய தளத்துக்கு இரண்டு. மணல் தலைகளைச் சுற்றிப் பெயின்ற் ஏறினால்தான் அவை கழலாது; கூர்மையும் மழுங்கி வெறுங்காலுக்கு ஏற்றதாகும். இன்னும் குத்தினால் மூன்றாவது பூச்சு, அதற்குமேல் போட்டால் பள்ளம் நிறைந்து பிடிமானம் போய்விடும். டேப்பைக் கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே பின்னோக்கி மடித்து இழுங்கள். இறுகிய பின் இழுத்தால் விளிம்போடு பெயின்றும் வரும்.

பொலியூரிதேன் ஹாட்னரில் ஐசோசயனேற் இருக்கிறது. மூச்சுக் குழலைப் பாதிக்கும். றோலரால், திறந்த வெளியில், கையுறையும் ஆவி வடிகட்டும் முகமூடியும் போட்டே பூசுங்கள். இதை ஸ்ப்ரே செய்வது வீட்டு வேலையல்ல. ஜெல்கோட் ஹாட்னர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், கண்ணாடி கட்டாயம். பக்கத்தில் பீடியோ சிகரெட்டோ கூடாது.

ஒரு நாளில் மெதுவாக நடக்கலாம். வலை, என்ஜின், ஐஸ் பெட்டி ஏற்ற ஒரு வாரம் விடுங்கள்.

பிழைத்தால் எங்கே பார்ப்பது

பெயின்ற் நாட்கணக்கில் காயாமல் ஒட்டுகிறதென்றால், தடிப்பாகப் பூசியிருக்கலாம், அல்லது தின்னருக்குப் பதிலாக மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கலாம். மண்ணெண்ணெய் விட்டுப்போகும் எண்ணெய்ப் பசை பெயின்றை இறுக விடாது. இரண்டு பேணி வகையானால் ஹாட்னர் அளவு தவறியிருக்கும்; அதைச் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. குறுணி மட்டும் உதிர்ந்து மொட்டையானால், தூவும்போது பெயின்ற் மேல்தோல் இறுகிவிட்டது, அல்லது பூட்டுப் பூச்சு இல்லை. பெயின்ற் தகடாக உரிந்து, அதன் அடிப்பக்கம் பளபளவென்று இருந்தால் மெழுகு அல்லது கொழுப்பு. அடிப்பக்கம் ஈரமாக இருந்தால் உலராத தளம். சிறு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் மணலில் இரும்புத் தூள் கலந்திருக்கிறது, அல்லது கம்பிப் பிரஷின் துணுக்குகள் தளத்தில் தங்கிவிட்டன.

தளத்தை ஒவ்வொரு நாளும் தொழில் முடிந்ததும், செதில் காயும் முன், பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை சவர்க்காரத் தூள். கறை போக்கப் பெற்றோல் பாவிக்க வேண்டாம். முதலில் தேய்வது வலை இழுக்கும் பக்கத்துக் கால் படும் இடமும் என்ஜினுக்கு முன்னால் நிற்கும் இடமும்தான். அந்த இரண்டையும் ஆண்டுதோறும் மழை விட்டதும் கழுவித் தேய்த்து, மிச்சம் வைத்த பெயின்றால் ஒரு பூச்சுப் போட்டு வாருங்கள். ஒற்றைப் பேணிப் பெயின்றை இறுக்கி மூடித் தலைகீழாக வைத்தால் மேல்தோல் படராது. இரண்டு பேணி வகையில் ஹாட்னர் பேணியில் காற்றின் ஈரம் படக்கூடாது. திறந்து நாளான ஹாட்னர் கலங்கியோ கட்டியாகியோ இருந்தால் அதைப் பாவிக்காமல் புதிது வாங்குங்கள்.